எட்டாவது கை

எங்கள் கோயிலில் பாஸ்கா நாடகம் மாலை நான்கு மணிக்குத் தொடங்கும். இயேசுவின் கடைசி நாட்களை மேடையில் காட்டும் நாடகம் அது. குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை, கோயிலை ஒட்டிய மைதானத்தில், வெயில் பாதி இறங்கியிருக்கும்போது நடக்கும். மற்ற ஊர்களில் இரவில் விளக்குப் போட்டு நடத்துகிறார்கள். பீளமேட்டு மில்கள் ஓடிய காலத்தில் பகல் ஷிஃப்ட் மூன்றரைக்கு விடும். தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டு வந்து உட்கார அரை மணி நேரம். அந்த மில்கள் மூடிவிட்டன. நான்கு மணி மட்டும் மாறவில்லை.

நான் அப்படி ஒரு மில்லில், நூல் பரிசோதிக்கும் அறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்தேன். நூற்றிருபது கெஜம் நூலைச் சுற்றி எடுத்து, எடை போட்டு, அது எவ்வளவு சன்னம், நாற்பதாம் நம்பரா அறுபதாம் நம்பரா என்று எழுதுவது வேலை. நூல் ஓடி ஓடி என் வலது ஆள்காட்டி விரலின் உள்பக்கம் குறுக்காக ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. எண்ணும் பழக்கமும் அங்கேதான் விழுந்தது. ஏறும் படிகளை எண்ணுவேன். காந்திபுரம் போகும் டவுன் பஸ்ஸில் நிற்பவர்களை எண்ணுவேன்.

"இட்லியையாவது எண்ணாம சாப்பிடுங்களேன்" என்பாள் என் மனைவி. நான் எண்ணாவிட்டாலும் அது தானாக நடந்துவிடுகிறது. எழுபத்தெட்டு வயதில் இனி அதை நிறுத்த முடியாது.

நாடகத்தில் இயேசுவை விசாரித்துத் தண்டிக்கும் யூதத் தலைமைச் சங்கம் வருகிறது. எங்கள் வழக்கப்படி அந்தச் சங்கத்தில் உட்காருகிறவர்கள் வேறு யாருமல்ல, கோயிலை நிர்வகிக்கும் பங்குப் பேரவையின் உறுப்பினர்களே. கெட்ட வேஷம் போட இளைஞர்கள் முன்வராத ஒரு வருடத்தில் ஆரம்பித்தது. "பேரவைக்காரங்களே போடட்டுமுங்க. எப்பிடியும் உக்காந்து தீர்ப்புச் சொல்றவங்கதானே" என்று யாரோ சொல்லி எல்லோரும் சிரித்தார்கள். அது நிலைத்துவிட்டது. பேரவையில் பதினைந்து பேர். மேடையில் எட்டு நாற்காலிக்குத்தான் இடம். நடுநாற்காலியில் தலைமைக் குருவாக இருபத்தாறு ஆண்டுகள் உட்கார்ந்தவன் நான். பேரவையின் செயலாளரும் நான்தான்.

ஒட்டுத் தாடியோடு எங்களைப் பார்த்துக் குழந்தைகள் பயப்படும். எனக்கு அது பிடிக்காது. இயேசுவும் யூதர், அந்தக் குருக்களும் வேதச் சட்டத்தில் கறாரான பரிசேயர்களும் யூதர்கள். ஒரே வீட்டுக்குள் நடந்த சண்டை. எங்கள் நாடகத்தில் அந்தச் சண்டை ஐந்து இடங்களில் வருகிறது. ஓய்வுநாளில் சீடர்கள் கதிர் கொய்வது, கை கழுவாமல் சாப்பிடுவது, வரி வசூலிப்பவர்களோடு பந்தியில் உட்காருவது, ஓய்வுநாளில் சூம்பிய கை உள்ளவனைக் குணமாக்குவது, கோயிலில் காசு மாற்றுகிறவர்களின் மேசைகளைக் கவிழ்ப்பது. ஐந்திலும் குருக்கள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. ஊரைச் சுற்றி ரோமச் சிப்பாய்கள். உள்ளே திருவிழாக் கூட்டம். ஒரு கலவரம் வந்தால் கோயிலே மிஞ்சாது. ஒருவரைக் கொடுத்து மற்றவர்களைக் காப்பாற்றிவிடலாம் என்று அந்தத் தலைமைக் குரு கணக்குப் போட்டார். வீட்டில் அவரும் நல்ல மனிதராகத்தான் இருந்திருப்பார்.

தீர்ப்புக் காட்சியை எழுதியவர் எங்கள் பழைய உபதேசியார். கோயிலில் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுப்பவரை அப்படித்தான் அழைப்போம். ஊருக்கு ஒதுக்குப்புறமான காலனியிலிருந்து வந்தவர். இளவயதில் பதினொரு ஆண்டு இயேசுவாக நின்றவர், பிறகு நாடகத்தை நடத்தியவர். அந்தக் காட்சியில் ஏழு பேரும் ஒவ்வொருவராகக் கை தூக்குவார்கள். நான் சத்தமாக எண்ணுவேன். ஏழு முடிந்ததும் என் கையை நானே தூக்கி, "என்னோடு எட்டு" என்று சொல்லித் தடியால் பலகையில் ஓங்கி அடிப்பேன்.

"எண்ணுறது எதுக்கு உபதேசியாரே? எல்லாருமாத் தூக்கினாப் போதாதா?" என்று முதல் ஆண்டு கேட்டேன்.

"நீங்க எண்ணுனாத்தான் சனம் நம்புமுங்ணா" என்றார்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு அவரைப் பேரவை வெளியேற்றியது. காரணம் எங்கள் கல்லறைத் தோட்டம். அதற்கு இரண்டு வாசல். வளைவு கட்டிய முன்வாசல் சில குடும்பங்களின் சவங்களுக்கு. காலனிச் சவங்கள் சந்து வழியாகப் பின்வாசலில் வர வேண்டும். எழுதி வைத்த விதி கிடையாது. ஒரு பூட்டு மட்டும் உண்டு. கோயிலைப் பெருக்கிவந்த காலனி மூதாட்டி ஒருவர் இறந்தபோது, உபதேசியார் சுத்தியலால் அந்தப் பூட்டை உடைத்துப் பெட்டியை முன்வாசல் வழியாகக் கொண்டுபோனார். அடித்தது மூன்று அடி. நான் ஊர்வலத்தில் பின்னால் நின்று எண்ணினேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் பேரவை கூடியது. பூசை வைத்த சாமியார் உடனே வெளியூர் கிளம்பிவிட்டார். நீங்களே பேசி முடித்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தார். உபதேசியார் கைகளைக் கட்டிக்கொண்டு எங்கள் முன்னால் நின்றார். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

வார்ப்படப் பட்டறை வைத்திருந்த உறுப்பினர் ஒருவர்தான் ஆரம்பித்தார். "ஏனுங்க உபதேசியாரே, சாவியக் கேட்டிருந்தாக் குடுத்திருக்க மாட்டமுங்களா?"

"பதினாலு வருசமாக் கேட்டுட்டுத்தானுங்க இருக்கறேன்."

"எத்தனை தடவை கேட்டீங்க?" என்றேன் நான்.

"அத நீங்கதான் எண்ணி வெச்சிருப்பீங்க, அண்ணா."

இரண்டு பேர் சிரித்தார்கள். பட்டறைக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. முன்வாசல் வளைவைக் கட்டிய ஆறு குடும்பங்களும் வேறு கோயிலுக்குப் போகப்போவதாகச் சொல்கிறார்கள், இரு பக்கமும் கைகலப்பு ஆனால் அதிகாரிகள் வந்து தோட்டத்துக்கே சீல் வைப்பார்கள், பிறகு எவர் சவத்தையும் புதைக்க முடியாது என்றார். அதில் பொய் இல்லை. எனக்கும் அதே பயம்தான். உபதேசியாரை வேலையிலிருந்து நீக்குவது, கோயில் பங்கின் பதிவிலிருந்து அவர் பெயரை எடுப்பது என்று தீர்மானம் வாசிக்கப்பட்டது.

"சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க" என்றேன்.

ஏழு கைகள் எழுந்தன. மீதி ஏழு பேர் தரையைப் பார்த்தபடி இருந்தார்கள். பதினைந்தாவது ஓட்டு என்னுடையது. நான் கை தூக்கினால் தீர்மானம் நிறைவேறும், தூக்காவிட்டால் தோற்கும். அவர் போய்விட்டால் நல்லது என்று மனதுக்குள் இருந்தது. ஆனால் அவர் நேராக என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். என் வலது கை மேசைமேல் மினிட்ஸ் நோட்டின் பக்கத்தில் அப்படியே கிடந்தது.

"எட்டு" என்றேன். "தீர்மானம் நிறைவேறியது."

யாரும் திரும்ப எண்ணவில்லை. மற்ற யார் சொல்லியிருந்தாலும் எண்ணியிருப்பார்கள். எதிர்ப்பவர்களைக் கை தூக்கச் சொல்லி நான் கேட்கவும் இல்லை. என்னையும் சேர்த்தால் எட்டுத்தானே, இதில் என்ன பொய் என்று அன்றைக்கு வீடு வரும்வரை, நானூற்றுப் பன்னிரண்டு அடிகளிலும், எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த தவக்காலத்தில் ஒத்திகை நடந்தது. பகல் பதினொரு மணி. பள்ளிக்கூட ஹாலில் மின்விசிறி நான்கில் மூன்று சுற்றிக்கொண்டிருந்தது. கைகள் எழுந்தன. நான் எண்ணினேன். மூன்றாவது நாற்காலிக்கும் நான்காவது நாற்காலிக்கும் நடுவில், பின்னால் தொங்கிய நீலத் துணியை ஒட்டி, ஒரு கை அதிகமாக இருந்தது. முழங்கைக்குக் கீழே நாற்காலி மறைத்தது. மேலே வெறும் கை. மெலிந்து, தோல் சுருங்கி, ஓய்வுநாள் காட்சியில் வரும் சூம்பிய கையைப் போல. கிழவர்களின் ஏழு கைகளும் லேசாக ஆடின. அது மட்டும் ஆடவில்லை.

நான் எழுந்து பின்னால் போய்ப் பார்த்தேன். துணிக்குப் பின்னால் சுவரும் இரண்டு பெஞ்சுகளும்தான்.

"என்னங்க தேடறீங்க?" என்றார் பட்டறைக்காரர்.

"நாற்காலியை எண்ணறேன்."

"அது ஓடியா போகுது? உக்காருங்க."

அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் அது வந்தது. அதே இடம், அதே அசையாமை. மருமகளிடம் போனில் படம் எடுக்கச் சொன்னேன். படத்தில் ஏழு கைகள்தான். அந்தப் படத்தை எத்தனையோ தடவை எண்ணிவிட்டேன். மேடையில் மட்டும் எட்டு. நான் அதை விட்டுவிட்டு ஏழு எண்ணி, என் கையைத் தூக்கி, வசனத்தைச் சொல்லிவிடுவேன். என்னைத் தொந்தரவு செய்தது வேறொன்று. அந்தக் கை ஆண்டுக்கு ஆண்டு சதை வைத்துக்கொண்டு வந்தது. இரண்டாம் ஆண்டு எலும்பு தெரியவில்லை. நாலாம் ஆண்டு நரம்பு புடைத்து, ரத்தம் ஓடும் கையாக இருந்தது. அதே ஆண்டில்தான் வலது கையில் கட்டும் என் கடிகாரத்தின் பட்டையை ஒரு ஓட்டை உள்ளே தள்ளிப் போட்டேன். இப்போது நான்கு ஓட்டை தள்ளியாகிவிட்டது. முதுமை, வலது தோளில் பிடிப்பு, கையை ஆட்டிக்கொண்டே இருங்கள் என்கிறார் டாக்டர்.

இந்த ஆண்டு புதிதாக வந்த சாமியார் நாடகத்துக்கு மூன்று வாரம் முன்பு என்னைக் கூப்பிட்டார். உபதேசியார் அவரைத் தேடி வந்திருக்கிறார். இதயத்தில் கோளாறு, அதிக நாள் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. மனைவி எங்கள் தோட்டத்தில், ஆறாவது வரிசையில் மூன்றாவது கல்லறையில் இருக்கிறாள். பக்கத்தில் தன்னையும் வைக்க வேண்டும். பதிவில் பெயர் இல்லாதவருக்கு இடம் கிடையாது.

சாமியார் பழைய மினிட்ஸ் நோட்டைத் திறந்து வைத்திருந்தார். "பதினைந்துக்கு எட்டு என்று எழுதியிருக்கிறீர்கள், ஐயா. ஒரு ஓட்டில்தான் போயிருக்கிறார். எண்ணிக்கை சரிதானே? தவறு இருந்தால் தீர்மானமே செல்லாது, நான் பெயரைச் சேர்த்துவிடுவேன்."

"நான் எண்ணினதுங்க, சாமி" என்றேன்.

"அப்போது சரியாகத்தான் இருக்கும்" என்று நோட்டை மூடினார்.

இரண்டாவது தடவையாக அதே பொய். முதல் தடவை பயத்தில் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தத் தடவை என் பெயருக்காகச் சொன்னேன்.

கடைசி ஒத்திகையில் அந்தக் கை மற்ற ஏழையும்விடப் பருமனாக இருந்தது. முதல்முறையாக அதன் உள்ளங்கை என் பக்கம் திரும்பியிருந்தது. ஆள்காட்டி விரலின் உள்பக்கம் குறுக்காக ஒரு பள்ளம். நூல் ஓடிய பள்ளம். என் மடியில் கிடந்த வலது கையைக் குனிந்து பார்த்தேன். அதில் அந்தப் பள்ளம் தோல் சுருக்கங்களோடு சேர்ந்து, எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

அன்று வீட்டில் சாப்பிடும்போது மனைவி கேட்டாள். "ஏனுங்க, என்ன எடது கையில தண்ணி எடுக்கறீங்க?"

டம்ளரைக் கீழே வைத்தேன். எத்தனை இட்லி சாப்பிட்டேன் என்று தெரியவில்லை.

சனிக்கிழமை நான்கு மணி. நானூறு நாற்காலி போட்டிருந்தார்கள், முந்நூற்றெழுபது நிறைந்திருந்தன. கடைசி வரிசையில், சைக்கிள் நிறுத்துமிடத்தின் தகர நிழலில், உபதேசியார் உட்கார்ந்திருந்தார். சாமியார் கூப்பிட்டிருக்கிறார். ஆள் பாதியாக இருந்தார். நாடகத்துக்கு முன்பு சாமியார் மைக்கில், இதில் வரும் குருக்களை வைத்து யாரும் எந்த மக்களையும் வெறுக்கக் கூடாது, நாமும் அந்த நாற்காலியில் உட்காருகிறவர்கள்தான் என்றார். மேடையில் எங்களைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள்.

இயேசுவாக நின்ற இளைஞர் பக்கத்து ஐ.டி. கம்பெனியில் வேலை பார்ப்பவர். கைகளைக் கயிற்றால் கட்டி என் முன் நிறுத்தினார்கள். "ஐயா, சீக்கிரம் முடிங்க. கட்டு இறுக்கிப்போட்டாங்க" என்று உதடு அசையாமல் சொன்னார்.

கைகள் எழுந்தன. எண்ணினேன். மூன்றாவது நாற்காலிக்கும் நான்காவது நாற்காலிக்கும் நடுவில் அது நின்றது. நல்ல வெயிலில். மற்ற கைகளின் நிழல் நீலத் துணியில் விழுந்திருந்தது. அதன் நிழலும் விழுந்திருந்தது.

"ஏழு" என்றேன். மைக்கில் மைதானம் முழுக்கக் கேட்டது.

அடுத்து நான் கை தூக்க வேண்டும். அந்தத் தலைமைக் குருவாவது எல்லோர் கண்ணெதிரிலும் தன் கையைத் தூக்கினார். இருபத்தாறு ஆண்டுகளாக அவர் வேஷத்தில் நான் அதைச் செய்திருக்கிறேன். என் சொந்த முகத்தோடு உட்கார்ந்திருந்த அன்று செய்யவில்லை. இப்போது தூக்க முயன்றேன். வலது கை மடியில் கிடந்தது. தோள் அசைந்தது, கை வரவில்லை.

"ஏழுதான்" என்றேன் மறுபடியும். "ஏழு போதாது. அன்னைக்கும் ஏழுதான்."

பட்டறைக்காரரின் கை கொஞ்சம் இறங்கி நின்றது.

"ஐயா, வசனம்" என்று இயேசு கிசுகிசுத்தார். "என்னோடு எட்டு. சொல்லுங்கய்யா. என்னோடு எட்டு."

நான் சொல்லவில்லை. நாடகம் நின்றுவிட்டது. சிலுவை மேடைக்குப் பக்கத்தில் தயாராகச் சாய்த்து வைத்திருந்தது, சிப்பாய்கள் சவுக்கோடு நின்றார்கள், தீர்ப்பு மட்டும் வரவில்லை. எவ்வளவு நேரம் என்று எண்ணினேன். பதினெட்டு வரை எண்ணியபோது முன்வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். கிழவன் வசனத்தை மறந்துவிட்டான், நாம் உதவுவோம் என்று நினைத்திருப்பாள். அவள் பக்கத்தில் இன்னொன்று. பிறகு அந்த வரிசை. யாரும் பேசவில்லை, சிரிக்கவில்லை. காற்று வந்தால் சோளக்காடு சாய்வதைப் போல, முன்னாலிருந்து பின்னால் வரை ஒவ்வொரு வரிசையாகக் கைகள் எழுந்து, எழுந்தபடியே நின்றன. குழந்தைகளின் கைகளும் இருந்தன. ஒன்று, இரண்டு என்று தொடங்கினேன். இருபதுக்கு மேல் போகவில்லை. எல்லாக் கைகளுக்கும் பின்னால், தகர நிழலிலிருந்து, கடைசியாக உபதேசியாரின் கை எழுந்தது.

சிப்பாய்கள் அதையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டு இளைஞரை இழுத்துப்போனார்கள். நாடகம் நடந்தது. திரும்பிப் பார்த்தபோது மூன்றாவது நாற்காலிக்கும் நான்காவது நாற்காலிக்கும் நடுவில் வெறும் நீலத் துணி.

முடிந்ததும் அங்கியோடும் தாடியோடும் சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் போனேன்.

"ஏனுங்ணா, வேசத்தக் கலைக்கலீங்களா?" என்றார் உபதேசியார்.

"நீங்களும் கை தூக்கினீங்களே."

"தூக்காட்டி நாடகம் அங்கியே நின்னுபோகுமுங்களே. நான் எழுதுன காச்சி. அந்தத் தம்பி எத்தன நேரம் கட்டோட நிக்கும்?"

நான் தாடியைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டேன். "அன்னைக்குப் பேரவையில ஏழு பேருதான் கை தூக்கினாங்க" என்றேன்.

"தெரியுமுங்ணா. நானும் எண்ணுனேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா எட்டாவது கை யாருதுன்னு கேப்பாங்க. அது உங்க வாயில வரணுமுங்க. வரும்னு பாத்தேன்." மூச்சு வாங்கினார். "கொஞ்சம் நாளாயிப்போச்சு."

அங்கியோடே சாமியார் அறைக்குப் போனேன். மினிட்ஸ் நோட்டில் எட்டு என்பதை அடித்து, ஏழு என்று எழுதி, செயலாளர் கை தூக்கவில்லை, எண்ணிக்கையைத் தவறாக அறிவித்தார் என்று கீழே சேர்த்தேன். வலது கை ஒத்துழைக்கவில்லை. இடது கையால் எழுதினேன். மூன்றாம் வகுப்புப் பையன் எழுத்துப்போல இருந்தது. சாமியார் படித்துவிட்டுப் பதிவேட்டை எடுத்து உபதேசியாரின் பெயரை எழுதினார்.

அதைச் சொல்ல வெளியே வந்தபோது உபதேசியார் கிளம்ப நின்றிருந்தார்.

"எடம் கெடைச்சுதுங்க, சந்தோசம்" என்றார். "எந்த வாசல்லீங்ணா கொண்டு போவீங்க?"

உடைத்த பூட்டுக்குப் பதிலாக மறுநாளே வேறு பூட்டு போட்டாகிவிட்டது. அதன் சாவி பேரவையிடம் இருக்கிறது. "சரீங்க, வாரேனுங்ணா" என்று அவர் மெதுவாக நடந்து போனார். கேட் வரை நாற்பத்தோரு அடி. நடுவில் இரண்டு தடவை நின்றார்.

ஈஸ்டருக்கு, அதாவது உயிர்ப்பு ஞாயிற்றுக்கு, அடுத்த ஞாயிறு பேரவை கூடுகிறது. முன்வாசலைத் திறந்துவிடும் தீர்மானத்தை நான் கொண்டுவருகிறேன். வீடுவீடாகப் போய்க் கேட்டுவிட்டேன். ஏழு பேர் சரி என்கிறார்கள், ஏழு பேர் முடியாது என்கிறார்கள். இந்தத் தடவை எண்ணப்போகிறவர் சாமியார்.

தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று வலது கையைத் தூக்கிப் பார்க்கிறேன். முதல் வாரம் இடுப்புக்கு மேல் வரவில்லை. மனைவி எண்ணெய் தேய்த்துவிடுகிறாள். நேற்றுத் தோள் வரை வந்தது. இன்னும் ஐந்து நாள் இருக்கிறது.